நான்கு வெள்ளிக் கரண்டிகள்

1776-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கலால் துறையினர் ஜான் வெஸ்லிக்கு ஒரு கடிதம் அனுப்பினர். வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி விதிக்கப்பட்டிருந்த காலம் அது. நாடறிந்த சமயப் போதகரிடம் கணக்கில் காட்டாத வெள்ளி நிறைய இருக்கும் என்பது அவர்களின் ஐயம். தன்னிடம் லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு என வெள்ளிக் கரண்டிகள் இருப்பதாகவும், சுற்றிலும் இத்தனை பேர் உணவின்றி வாடும்போது மேலும் வாங்கும் எண்ணமில்லை என்றும் அவர் பதில் எழுதினார்.

அதே ஆண்டில்தான் ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' வெளிவந்தது. அந்த நூலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் நடத்திய எனக்கு, இந்தச் சிறு கடிதம் ஓய்வுபெற்ற பிறகே கண்ணில் பட்டது. வெஸ்லி என்ற பெயர் எனக்குப் புதிதன்று. மாக்ஸ் வேபர் தமது புராட்டஸ்டண்ட் அறவியல் பற்றிய ஆய்வில் வெஸ்லியின் ஓர் அச்சத்தை எடுத்துக்காட்டுகிறார். பக்தி வளருமிடத்தில் உழைப்பும் சிக்கனமும் வளரும். அவை செல்வத்தைக் கொணரும். செல்வமோ செருக்கை வளர்த்துப் பக்தியைத் தின்றுவிடும் என்பது அந்த அச்சம். இயன்றவரை ஈட்டுதல், இயன்றவரை சேமித்தல், இயன்றவரை கொடுத்தல் என்று அவர் கண்ட மருந்து மூன்று பகுதிகளைக் கொண்டது. முதல் இரண்டை மட்டுமே மூலதனத் திரட்சிக்குச் சான்றாக நான் வகுப்பில் நடத்தினேன். மூன்றாவதை ஓர் அடிக்குறிப்பாகக்கூடச் சொன்னதாக நினைவில்லை. நான் கிறிஸ்தவன் அல்லன். எனினும் அந்த விடுபடல் உறுத்தவே, அம்மனிதரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன்.

லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் 1703-இல் வெஸ்லி பிறந்தார். தந்தை சாமுவேல், இங்கிலாந்துத் திருச்சபையின் பங்குக் குரு. கடனிலேயே காலம் தள்ளியவர். தாய் சூசன்னா பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பாதிப் பேரை மழலைப் பருவத்திலேயே இழந்தவர். 1709-இல் வீடு தீப்பற்றியபோது, மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயது ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று அண்டை வீட்டார் சன்னல் வழியே மீட்டனர்.

இக்குடும்பத்தின் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புளூட்சோ ஆகியோரின் பணியைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் வெளியாகியிருந்தது. 1712-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கணவர் லண்டனுக்குச் சென்றிருந்த வேளையில், சூசன்னா அதைப் படித்தார். கடல் கடந்து செல்ல இயலாத பெண்ணாயினும், தன் வீட்டளவிலாவது கூடுதலாக ஏதேனும் செய்ய வேண்டும் என்று உறுதிகொண்டார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே பேசுவது என்று முறை வகுத்தார். ஜானுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. ஞாயிறு மாலை வீட்டில் அவர் நடத்திய வழிபாட்டுக்கு அயலார் வரத் தொடங்கி, எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. உதவிக் குரு முறையிட, கணவர் தடுத்து எழுத, அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் குருப்பட்டம் பெறாத ஆண்களையும், சில பெண்களையும்கூடப் போதிக்க மகன் அனுமதித்தார் என்றால், அதற்கான துணிவை அவர் அந்த வீட்டிலேயே கண்டிருக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜானும் தம்பி சார்லசும் நண்பர்களும் நேரம் தவறாமல் வேதம் படித்து, நோன்பிருந்து, சிறைக் கைதிகளைச் சந்தித்து வந்தனர். எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்திருந்த இவர்களை மற்ற மாணவர்கள் 'மெதடிஸ்ட்' என்று கேலி செய்தனர். அந்தக் கேலிப் பெயரே பின்னாளில் ஒரு திருச்சபையின் பெயராயிற்று. ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் பெற்று, 28 பவுனில் வாழ்ந்து, இரண்டைத் தானமளித்த ஓர் இளைஞரைப் பற்றி வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் கூறுகிறார். மறு ஆண்டு வருமானம் 60 ஆனது. அப்போதும் 28 பவுனில் வாழ்ந்து, 32-ஐக் கொடுத்தார். அதற்கடுத்து 90, பின்னர் 120. செலவு மட்டும் 28-ஐ விட்டு நகரவில்லை. அந்த இளைஞர் அவரேதான் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. வருமானம் உயர்ந்தால் நுகர்வும் உயரும் என்று வரைகோடு வரைந்து காட்டியவன் நான். கிடைமட்டமாகப் படுத்துக் கிடக்கும் இந்த நுகர்வுக் கோட்டைக் கரும்பலகையில் ஒருநாளும் வரைந்ததில்லை.

1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல் வீசியபோது ஆங்கிலேயர் அலற, மொரேவியப் பிரிவைச் சேர்ந்த ஜெர்மானியர் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தனர். தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பதை அவர் உணர்ந்தார். ஜார்ஜியாவில் அவருக்குத் தோல்வியே மிஞ்சியது. தாம் விரும்பிய பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்கு நற்கருணை மறுத்து, வழக்கில் சிக்கி, ஊர் திரும்பினார். 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், உரோமையருக்கு எழுதப்பட்ட நிருபத்துக்கு லூதர் தந்த முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது தன் உள்ளம் இதமாக வெம்மையுற்றதென்றும், தன் பாவங்கள் மன்னிக்கப்பட்ட உறுதி பிறந்ததென்றும் வெஸ்லி நாட்குறிப்பில் பதிந்தார்.

மெதடிஸ்ட் கொள்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மனிதன் நற்செயலால் அன்று, விசுவாசத்தால் மீட்கப்படுகிறான். அம்மீட்பை அவன் உள்ளத்தில் உறுதியாக அறியலாம். மீட்கப்பட்டபின் அன்பில் முழுமையடையும்வரை அவன் வளர வேண்டும். இவற்றோடு, இறைவனின் கிருபை எல்லாருக்கும் உரியது என்பதில் வெஸ்லி விட்டுக்கொடுக்கவே இல்லை. சிலர் மீட்புக்கென்றும் மற்றோர் அழிவுக்கென்றும் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டனர் என்ற கால்வினியக் கருத்தை எதிர்த்ததால், உற்ற தோழரான ஜார்ஜ் விட்ஃபீல்டுடன் பிளவு ஏற்பட்டது. 1739-இல் பிரிஸ்டலில் திறந்தவெளியில் பேசுமாறு அவரை அழைத்து, கிங்ஸ்வுட் நிலக்கரித் தொழிலாளரிடையே இறக்கிவிட்டவரே அந்த விட்ஃபீல்டுதான். கோயிலுக்கு வெளியே போதிப்பதை ஒரு குற்றமாகவே கருதியிருந்த வெஸ்லி, அதன்பின் அரை நூற்றாண்டு குதிரை மீதும் வண்டியிலும் நாடெங்கும் அலைந்தார்.

என்னை மிகவும் ஈர்த்தது 1742 பிப்ரவரியில் பிரிஸ்டலில் நடந்த ஒரு கடன் விவாதம். கூடம் கட்டிய கடனை அடைக்க வழி தேடினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் முன்னாள் கப்பல் தலைவர் ஒருவர். ஏழைகளால் அதுவும் இயலாதே என்றனர். மிக ஏழைகளான பதினொருவரைத் தன்னிடம் விட்டுவிடுமாறும், அவர்கள் தர இயலாதபோது தானே ஈடுகட்டுவதாகவும் அவர் சொன்னார். அப்படியே பன்னிருவர் கொண்ட குழுக்கள் பிறந்தன. காசு வாங்க வீடுவீடாகச் சென்ற தலைவர்கள் எங்கே நோய், எங்கே குடி, எங்கே சண்டை என்பதையும் அறிந்தனர். வசூல் பின்னுக்குப் போய், ஒருவர் நலனை ஒருவர் விசாரிப்பதே குழுவின் பணியாயிற்று. 1746-இல் லண்டனில் ஒரு கடன் நிதியையும் வெஸ்லி தொடங்கினார். 20 ஷில்லிங் வரை கடன், மூன்று மாதங்களில் திருப்பித் தர வேண்டும். தொண்ணூறுகளில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி ஆய்வு செய்தபோது இதன் தலைகீழ்ப் போக்கை நான் கண்டதுண்டு. ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கிய குழு ஒன்று, சில ஆண்டுகளில் தவணையை மட்டும் விசாரிக்கும் குழுவாயிற்று. என் அறிக்கையிலோ அதன் வசூல் விகிதத்தைப் பாராட்டியிருந்தேன்.

1773-இல் உணவுப் பஞ்சம் குறித்து வெஸ்லி எழுதிய சிறு நூலையும் சொல்லியாக வேண்டும். ஏழைகள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள்? வேலை இல்லை. ஏன் இல்லை? முதலாளிகளின் சரக்கு விற்கவில்லை. ஏன் விற்கவில்லை? உணவுக்கே வருமானமெல்லாம் போய்விடுவதால் மக்களால் வேறெதுவும் வாங்க இயலவில்லை. இப்படிப் படிப்படியாக இறங்கி, சாராயம் வடிக்கக் கோதுமை வீணாவதையும், சிறு பண்ணைகள் பெரும் பண்ணைகளாக விழுங்கப்படுவதையும், செல்வரின் ஆடம்பரத்தையும் சுட்டினார். எல்லாத் தீர்வுகளையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் மொத்தத் தேவை குறைவதால் வேலை குறையும் என்ற தர்க்கம் முதுகலை வகுப்புக்குரியது.

குறைகளும் இருந்தன. அவரது மணவாழ்க்கை துயரத்தில் முடிந்தது. 1775-இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அறிவுரையாக வெளியிட்ட நூலின் பெரும்பகுதி சாமுவேல் ஜான்சனுடையது. என் மாணவர் அப்படிச் செய்திருந்தால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய நூல், பலர் வாய் திறவாத காலத்தில் வந்தது.

தனித் திருச்சபை காண அவர் விரும்பவில்லை. இறுதிவரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகவே இருந்தார். எனினும் 1784-இல் அமெரிக்காவுக்குத் தாமே குருக்களை அபிஷேகம் செய்து அனுப்பியபோது பிரிவு உறுதியாயிற்று. அன்று அனுப்பப்பட்ட தாமஸ் கோக், 1814-இல் இலங்கை நோக்கி வரும் வழியில் கடலில் மறைந்தார். உடன் வந்தோர் கரை சேர்ந்தனர். அந்த வழியில் யாழ்ப்பாணம் வந்த பீட்டர் பெர்சிவலின் பள்ளியில் பயின்று, அவரது விவிலியத் தமிழாக்கத்துக்குத் துணைநின்றவர்தாம் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர்.

1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வணிகத்துக்கு எதிராகப் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு ஊக்கமூட்டிக் கடிதம் எழுதிய வெஸ்லி, ஒரே வாரத்தில், மார்ச் 2-இல், 87 வயதில் மறைந்தார். அப்போது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அவரது சங்கங்களில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். முன்பு ஏழைகளாயிருந்த பலர் கடைக்காரர்களாகவும் உற்பத்தியாளர்களாகவும் உயர்ந்திருந்தனர். அவர்களின் பணப்பையை நோக்கியே தம் கடைசி ஆண்டுகளின் பிரசங்கங்கள் சிலவற்றை அவர் ஆற்றினார்; பலன் குறித்து நம்பிக்கை இழந்திருந்தார். தமது நூல்கள் ஈட்டித் தந்த பெரும் தொகையையோ கொடுத்துத் தீர்த்திருந்தார். சவ வண்டியோ ஆடம்பரமோ கூடாது, உடலை ஆறு ஏழைகள் சுமக்கட்டும், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுன் தரப்படட்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். கூட்டத்துக்கு அஞ்சி, மார்ச் 9 அன்று விடியுமுன்னரே லண்டன் சிட்டி ரோடு ஆலயத்தின் பின்புறம் அவரை அடக்கம் செய்தனர்.