புனிதவதி என்னும் திருநாமம்

பெண்மகவுக்குப் பெயரிடுதல் சிறு காரியமன்று. பெற்றோர் தேடிவைக்கும் பொருள் ஒருநாள் கரையலாம். கட்டிக்கொடுக்கும் வீடு பழுதாகலாம். இட்ட பெயரோ ஆயுள் முழுவதும் உடன்வரும். இதனையறிந்தே நம் முன்னோர் மங்கையர்க்கரசி, திலகவதி, புனிதவதி எனச் சைவ வரலாற்றில் ஒளிவீசும் மாதரசிகளின் நாமங்களைத் தம் மக்களுக்குச் சூட்டினர். நற்பிட்டிமுனையில் நம் அயலில் வாழும் இஸ்லாமிய அன்பர்களும் கதீஜா, ஆயிஷா, பாத்திமா எனத் தம் சமய வரலாற்றுப் பெண்மணிகளின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகின்றனர். நம்மவரிற் சிலரோ எண்சோதிடத்தையும் ஓசையின் புதுமையையும் மாத்திரம் நோக்கிப் பொருளறியாத பெயர்களைத் தேடுகின்றனர். ஆதலின் புனிதவதி என்னும் ஒரு பெயரின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தோம். அதுவே காரைக்காலம்மையாரின் வரலாறு.

சோழநாட்டுக் கடற்கரைப் பட்டினமாகிய காரைக்காலில் தனதத்தன் என்னும் வணிகர் தலைவருக்கு ஒரே மகளாய்த் தோன்றியவர் அம்மையார். பெற்றோர் இட்ட பெயர் புனிதவதி. திருஞானசம்பந்தருக்கு முற்பட்டவராதலின் அவர் காலம் ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு என்பர் ஆராய்ச்சியாளர். மழலை மொழியும் பருவத்திலேயே சிவபெருமானிடத்து அன்பு பூண்டு வளர்ந்த அவரை, நாகப்பட்டினத்து நிதிபதி என்னும் வணிகரின் மகன் பரமதத்தனுக்கு மணஞ்செய்து கொடுத்தனர். ஒரே மகளைப் பிரிய மனமில்லாத தந்தையார், தம் மனையின் அருகிலேயே ஓர் இல்லம் அமைத்து மருமகனை அங்கே இருத்தினார். மருமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமுடைய நம் மட்டக்களப்புப் பகுதியினருக்கு இச்செய்தி நம் வீட்டுக் கதை போலவே தோன்றும்.

ஒருநாள் பரமதத்தன் தனக்குக் கிடைத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினான். அவ்வேளை பசியோடு ஒரு சிவனடியார் வந்தார். அன்னம் ஆகியிருந்தது, கறி ஆகவில்லை. புனிதவதியார் தயங்காது மாங்கனி ஒன்றை அன்னத்தோடு படைத்து அடியாரின் பசி தீர்த்தார். பின்னர் வந்த கணவன் எஞ்சிய கனியை உண்டு, அதன் சுவையால் மற்றதனையும் கேட்டான். உள்ளே சென்ற அம்மையார் இறைவனை நினைந்து நிற்க, அவர் கையில் ஒரு கனி வந்தது. அதனை உண்டவன் அதன் சுவை வேறாயிருத்தலை உணர்ந்து, இது எங்கே பெற்றாய் என வினவினான். மறைத்தலும் பொய்த்தலும் அறியாத அம்மையார் நடந்ததை நடந்தவாறே சொன்னார். அவன் நம்பாது இன்னொன்று வருவிக்கச் சொல்ல, இன்னொன்றும் வந்தது. அவன் கையிற் கொடுத்தவுடன் மறைந்தது.

பரமதத்தன் அஞ்சினான். தன்னோடு வாழ்பவர் தெய்வமென்று எண்ணினான். எண்ணியதை எவரிடமும் சொல்லவில்லை. வாணிகம் செய்யப் போவதாகக் கூறி மரக்கலம் ஏறினான். பொருளீட்டி மீண்டவன் காரைக்காலுக்கு வராமல் பாண்டிநாட்டுத் துறைமுகப் பட்டினம் ஒன்றில் தங்கி, அங்கே வேறொரு வணிகர் மகளை மணந்தான். அவர்களுக்குப் பெண்மகவு பிறந்தது. அம்மகவுக்கு அவன் இட்ட பெயர் புனிதவதி.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்றே நிற்றல் வேண்டும். வாழும் பெண்ணொருத்தியின் பெருமையை மதித்து அவர் பெயரை ஒரு குழந்தைக்கு இட்ட செய்தியை, 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணம் இவ்வாறு பதிந்து வைத்திருக்கின்றது. பெயரின் பெருமையைப் பரமதத்தன் அறிந்திருந்தான். ஆயினும் பெயரைப் போற்றியவன், பெயருக்குரியவரைத் தனியே விட்டுச் சென்றான். வணங்கத் தெரிந்தவனுக்கு உடனிருக்கத் தெரியவில்லை.

செய்தியறிந்த சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி அப்பட்டினத்துக்கு அழைத்துச் சென்றனர். பரமதத்தன் மனைவியோடும் மகளோடும் எதிர்வந்து அவர் அடிகளில் வீழ்ந்தான். அவர் மானிடரல்லர் என்று உணர்ந்தே குழந்தைக்கு அவர் பெயரை இட்டதாகச் சுற்றத்தாருக்கு உரைத்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டுவதில்லையெனத் துணிந்த அம்மையார், அதனை நீக்கிப் பேய் வடிவம் அருளுமாறு இறைவனை வேண்டிப் பெற்றார். அது முதல் தம் பாடல்களில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே கூறிக்கொண்டார். 101 வெண்பாக்களாலாகிய அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டை மணிமாலையும், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் அவர் அருளியவை. பதினோராந் திருமுறையில் உள்ளவை. தேவாரப் பதிகங்களுக்கு முற்பட்டமையாற் போலும் அவர் பதிகங்கள் மூத்த பதிகங்கள் எனப் பெயர் பெற்றன.

கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்ற அவரை, தாயும் தந்தையும் இல்லாத இறைவன் அம்மையென்று அழைத்தார். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. தாமே தமக்கு இட்ட பெயர் ஒன்று. இறைவன் இட்ட பெயர் ஒன்று. இம்மூன்றாலும் அவரை உலகம் அறிகின்றது. அறுபத்துமூவருள் மகளிர் மூவர். அவருள் ஒருவராகிய அம்மையார், ஏனைய நாயன்மார் நிற்கத் தாம் மாத்திரம் அமர்ந்த கோலத்திற் காட்சியளிக்கின்றார். நம் இலங்கையிலும் பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களுள் கையில் தாளத்தோடு அமர்ந்த அம்மையாரின் உருவம் உண்டு. 967ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்ட கம்போடியா நாட்டுப் பந்தேஸ்ரே கோயிலிலும் ஆடும் பெருமானருகே அவர் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. காரைக்காலில் ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழா நடைபெற்று வருகின்றது.

இத்தகைய பெயரை மகளுக்கு இட்டால் அவளும் கணவனைப் பிரிய நேருமோ என்று அஞ்சும் தாய்மார் இருக்கலாம். அவ்வச்சம் வேண்டா. பிரிவைத் தந்தது பெயரன்று. மனைவியின் மேன்மை கண்டு மருண்ட கணவனின் நெஞ்சமே. ஆதலால் திருத்த வேண்டியது பெயரையன்று, நம்மை.

மூத்தோர்க்கு நாம் வேண்டுவது இது: துடக்குக் கழித்துப் பெயர் சூட்டும் நாளில் பெயரை மாத்திரம் சொல்லி அமையாது, அதன் வரலாற்றையும் வீட்டார் கேட்கச் சொல்லுங்கள். அவள் வளர்ந்தபின் அவளுக்கே சொல்லுங்கள். பசித்தவருக்கு அன்னமிட்டதும், கணவன் கேட்டபோது உண்மையை மறையாது உரைத்ததும், தமிழிற் பாடவல்ல புலமை பெற்றதும் அப்பெயரின் பொருள் என அவள் அறிதல் வேண்டும். அவளுக்குக் கல்வியை மறுத்துவிட்டுப் புனிதவதியென அழைப்பதில் பயனில்லை.

இளைஞர்க்கு நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. நாளை உங்கள் இல்லத்துக்கு வரும் மங்கை அறிவாலும் அன்பாலும் உங்களினும் உயர்ந்தவளாயிருப்பின் மருளாதீர்கள், மரக்கலம் தேடாதீர்கள். உடனிருந்து அவள் உயர்வுக்குத் துணை நில்லுங்கள். பரமதத்தன் பெயரளவில் செய்ததை நீங்கள் வாழ்வில் செய்வீராயின், நற்பிட்டிமுனையிற் பிறக்கும் புனிதவதிகள் தனித்து நிற்கமாட்டார்கள். அம்மையார் திருவருள் யாவர்க்கும் துணையாகுக.