தளவாய் வேலுத்தம்பியும் தண்டநீதியும்

வேளிமலையைத் தாண்டி மேற்கே செல்வோர் இரணியலுக்கு அணித்தாகத் தலக்குளம் என்னும் சிற்றூரைக் காண்பர். ஒரு காலத்தில் திருவிதாங்கூர் இராச்சியம் முழுவதையும் தம் சொல்லுக்கு நடுங்கச் செய்த வேலாயுதன் செண்பகராமன் தம்பி 1765-ம் ஆண்டு பிறந்தது அவ்வூரிலேயாம். வேலுத்தம்பி தளவாய் என்று உலகம் போற்றும் அவருடைய வீரத்தைப் பலர் பலவாறு பாராட்டியுள்ளனர். அவருடைய வாழ்க்கையில் தண்டனை என்பது எவ்வாறு முன்னும் பின்னும் தொடர்ந்து நின்றது என்பதையே இங்குச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

1798-ல் பாலராமவர்ம மகாராஜா பட்டமெய்தியபோது அவர் பதினாறு வயதே நிரம்பிய இளைஞர். சிறந்த மந்திரியாகிய ராஜா கேசவதாஸ் மறுவருடம் காலஞ்செல்லவே, அதிகாரம் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி முதலிய மூவர் கைப்பட்டது. பொக்கிஷம் வறண்டிருந்தமையால், செல்வரென்று பெயர்பெற்ற உத்தியோகஸ்தரையும் குடிகளையும் அழைத்துப் பெருந்தொகை கேட்டனர். கொடாதவர் சிறையிலடைக்கப்பட்டனர், பலர் காணக் கசையடியும் பட்டனர். தென்பகுதியில் காரியக்காரராயிருந்த வேலுத்தம்பிக்கும் அவ்வழைப்பு வந்தது. அவர் பணந்தேட அவகாசம் பெற்று ஊர் திரும்பினார். ஆனால் பணத்தைத் திரட்டவில்லை, ஜனங்களைத் திரட்டினார். நாஞ்சில் நாட்டாரும் இரணியல் பகுதியாரும் பெருங்கூட்டமாகத் திருவனந்தபுரம் சென்று கோட்டைக்கு வெளியே நின்று முறையிட்டனர். அரசர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்றை மந்திரிகள் இருவரும் வெளிப்படையாக அடிக்கப்பட்டு, காதுகள் அறுக்கப்பட்டுச் சிறை புகுந்தனர்.

இங்கே நாம் சற்று நிற்றல் வேண்டும். விசாரணையின்றிச் சிறையும் சவுக்கும் விதித்த கொடுமையை எதிர்த்து எழுந்த ஜனங்கள், வெற்றி பெற்ற அன்றே அச்சவுக்கைத் தாமும் கையிலெடுத்தனர். அநீதி ஒழிந்தது, அதன் ஆயுதம் ஒழியவில்லை.

சில ஆண்டுகளில் வேலுத்தம்பியே தளவாய் பதவி எய்தினார். அக்காலத்து இராச்சியத்தின் நிலை இரங்கத்தக்கது. கணக்குகள் பொய்யாயின, கைக்கூலி வழக்கமாயிற்று, வழிப்பறி பெருகிற்று. புதிய தளவாய் ஓரிடத்திலிருந்து ஆளவில்லை. ஊர் ஊராகச் சென்று, மரத்தடியில் அமர்ந்து வழக்குக் கேட்டு, அவ்விடத்திலேயே தீர்ப்பளித்து, அவ்விடத்திலேயே தண்டனையையும் நிறைவேற்றினார். கசையடி, சிறை, மூக்கும் காதும் அறுத்தல், மரத்தோடு சேர்த்து ஆணியடித்தல் ஆகியவை அவர் விதித்த தண்டனைகளென்று திருவிதாங்கூர்ச் சரித்திரம் எழுதினோர் குறித்துள்ளனர். நிலங்களை அளந்து வரிக்கணக்கைச் செம்மை செய்ததும், பாதைகளும் சந்தைகளும் அமைத்ததும், நின்றுபோன வருமானத்தை மீட்டதும் அவருடைய அருஞ்செயல்களேயாம். அவர் காலத்தில் கள்வர் பயம் நீங்கிற்றென்று முதியோர் சொல்லிவந்தனர். தம் குடும்பத்திற்குச் சாதகமாக வரிக்கணக்கைத் திருத்திய கணக்கனையும் அவர் விடவில்லையென்பது கர்ணபரம்பரை. அவரிடத்தில் பட்சபாதம் இல்லை. ஆனால் பட்சபாதமின்மை ஒன்றே நீதியாகுமா என்பதே கேள்வி.

விரைவிலே அளிக்கும் தண்டனை குற்றவாளியை அச்சுறுத்தும் என்பது மெய். ஆயினும் அதே விரைவு, சாட்சி பொய்த்தவிடத்துக் குற்றமற்றவனையும் பற்றிக்கொள்ளும். சிறைப்பட்டவன் பின்னர் நிரபராதியெனத் தெளிந்தால் விடுதலை பெறுவான். இழந்த நாட்களுக்கு ஓரளவேனும் ஈடு செய்தல் கூடும். அறுபட்ட காதை எந்த நியாயஸ்தலமும் திரும்ப ஒட்டித் தராது. மேலும், பயம் எந்நாளும் நிற்கக்கூடிய அடித்தளமன்று. 1804-ல் படிப்பணம் குறைக்கப்பட்டதென்று நாயர் படைகள் கிளர்ந்தெழுந்தபோது தளவாய் கொச்சிக்கு ஓடி, அங்கிருந்த ஆங்கில ரெசிடெண்டு மெக்காலேயின் உதவியை நாடவேண்டியதாயிற்று. ஆங்கிலப் படையின் துணையால் கலகம் அடங்கிற்று. தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர், ஒருவனுடைய கால்கள் இரண்டு யானைகளோடு பிணைக்கப்பட்டு அவன் உடல் கிழிக்கப்பட்டதென்றும் சரித்திரம் கூறுகின்றது. அவ்வெற்றியின் விலையும் பெரிது. 1805-ல் ஏற்பட்ட உடன்படிக்கையால் இராச்சியம் ஆண்டுதோறும் கும்பினியாருக்குச் செலுத்தவேண்டிய தொகை எட்டு லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

அத்தொகையைச் செலுத்த இயலாமையும், ரெசிடெண்டின் இடைவிடாத நெருக்கமும், நட்பைப் பகையாக்கின. 1808 டிசம்பரில் கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. அவர் கப்பலேறித் தப்பினார். 1809 ஜனவரி 11-ல் குண்டறையில் தளவாய் வெளியிட்ட விளம்பரம், அந்நியரை எதிர்த்து எழுமாறு நாட்டாரை அழைத்தது. அந்தப் பிரகடனமே இன்றும் அவரைத் தேசாபிமானிகளின் வரிசையில் வைக்கின்றது. ஏறக்குறைய அதே நாட்களில், ஆலப்புழைப் பக்கத்தில் கரையிறங்கிப் பிடிபட்ட ஆங்கில வைத்தியர் ஒருவரும் சுமார் முப்பது சிப்பாய்களும் கொல்லப்பட்டுக் காயலில் ஆழ்த்தப்பட்டனர். கைதியாகிவிட்ட பகைவன் பகைவனல்லன், அடைக்கலப் பொருள் என்னும் அறம் அங்கே மறக்கப்பட்டது. வீரரைப் போற்றும்போது இதை மறைத்தல் தகாது.

கர்னல் செயிண்ட் லெஜரின் படை திருநெல்வேலியிலிருந்து வந்து, 1809 பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி அரண்களைக் கைப்பற்றிற்று. உதயகிரியும் பத்மநாபபுரமும் பின்னர் வீழ்ந்தன. துரத்தப்பட்ட தளவாய் மண்ணடியிலுள்ள பகவதி கோவிலில் புகலடைந்து, உயிரோடு பிடிபடுவதிலும் சாவே மேலெனத் துணிந்து அங்கேயே மாண்டார். அவருடைய தம்பி பத்மநாபன் தூக்கிலிடப்பட்டார்; சுற்றத்தாரும் துன்புறுத்தப்பட்டனர். இறந்த தளவாயின் உடலையும் பகைவர் விடவில்லை. அதைத் திருவனந்தபுரம் கொண்டுபோய்க் கண்ணம்மூலையிலே கழுமரத்தில் தொங்கவிட்டனர். மரத்திலே மனிதரை அறைந்தவர் தாமே மரத்திலே தொங்கினார்.

இதைக் கண்டு, வினை விளைந்தது என்று மனநிறைவு கொள்வார் சிலர் உளர். நாம் அங்ஙனம் கொள்ளோம். தண்டனை, செய்தவனைத் திருத்தவோ, பிறரைக் காக்கவோ விதிக்கப்படுவது. உயிர்நீத்த உடல் திருந்துமா? அதனால் யாருக்குப் பாதுகாப்பு? அப்போது கவர்னர் ஜெனரலாயிருந்த மிண்டோ பிரபுவே, தளவாய் இறந்ததோடு நீதியின் நோக்கமும் முடிந்ததென்றும், அதன்மேற் செய்தது வன்மமேயென்றும் கருதிக் கண்டித்தார். வென்ற பக்கத்தாரிடமிருந்தே அக்கண்டனம் எழுந்தமை கவனிக்கத்தக்கது.

வேலுத்தம்பிக்குப்பின், ரெசிடெண்டு மன்றோ திவான் பதவியையும் வகித்த காலத்தில், 1811-ல் ஜில்லா நியாயஸ்தலங்கள் ஏற்பட்டன. அவற்றுள் ஒன்று நம் பத்மநாபபுரத்தில் அமைந்தது. பிடிப்பவர் ஒருவரும் விசாரிப்பவர் மற்றொருவருமாக இருத்தல் வேண்டுமென்னும் கொள்கை மெல்ல வேரூன்றிற்று. 1944-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் மரணதண்டனையைப் பெரும்பாலான குற்றங்களுக்கு நீக்கியது. பின்னர் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு அமலுக்கு வந்தபோது அத்தண்டனையும் மீண்டும் வந்தது. ஆகவே இவ்வழக்கு இன்னும் முடிந்துவிடவில்லை.

திருவள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். செங்கோலுக்கும் கொடுங்கோலுக்கும் இடையே உள்ள தூரம் மிகச் சிறிது என்பதை அவ்வரிசையே உணர்த்துவதாக நமக்குத் தோன்றுகின்றது. நேர்மையும் துணிவும் தேசபக்தியும் நிறைந்த ஒரு பெரியவர், நன்மையை விரும்பியே அத்தூரத்தைக் கடந்தார். மாணவ நண்பர்காள்! நாளை உங்களுள் சிலர் நியாயாதிபதிகளாகவும், சிறையதிகாரிகளாகவும், ஆசிரியர்களாகவும் அமர்வீர்கள். பிறரைத் தண்டிக்கும் உரிமை உங்கள் கைக்கு வரும் நாளில், தலக்குளத்து வீரருடைய அஞ்சாமையை நினைவு கூருங்கள். கண்ணம்மூலை மரத்தையும் மறவாதீர்கள்.