பந்தாட்டப் பேராசான் ரகீம்

மூணாற்றில் பின்லே கேடயப் போட்டி நடைபெறுங்கால், நம் தேவிகுளம் பகுதித் தோட்டங்களில் எந்த எஸ்டேட் வெல்லும் என்பதே பேச்சாயிருக்கும். கால்பந்தின்மீது இத்துணைப் பற்றுடைய நாம், அவ்வாட்டத்தில் நம் நாட்டை ஆசியாவின் உச்சியில் நிறுத்திய பள்ளியாசிரியர் ஒருவரின் வாழ்வை அறிந்திருத்தல் வேண்டும்.

சையது அப்துல் ரகீம் அவர்கள் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். பின்னர் ஐதராபாத் நகரப் போலீஸ் அணியைப் பயிற்றும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

அக்காலத்தில் ஆட்டக்காரர் பலருக்குச் சோறிட்டது அவரவர் துறை வேலையே. போலீஸ் அணியினரும் அத்தகையோரே. அவர்களுக்கு ரகீம் கற்பித்த முதற் பாடம், பந்தைத் தன் காலிலேயே வைத்திராது தோழனுக்கு விரைந்து வழங்குதல். பந்தை உருட்டிச் செல்லலாகாது என்னும் விதியுடன் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளும் நடத்தினார். பயன் யாது? 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை அவ்வணிக்கே உரியதாயிற்று.

இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது. 1951-இல் டில்லி ஆசிய விளையாட்டில் ஈரானை வென்று தங்கம் கொண்டது. மறு ஆண்டே எல்சிங்கியில், வெறுங்காலுடன் ஆடியோர் பலரைக் கொண்ட நம் அணி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. ரகீம் துவளவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றோம். பாலக்காட்டுச் சீமையின் ஒற்றப்பாலத்தில் பிறந்த இலக்குக் காவலர் எஸ். எஸ். நாராயண் அவ்வணியில் இருந்தார் என்பது நமக்குப் பெருமையன்றோ!

1962-இல் ஜகார்த்தா சென்றபோது, ரகீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் காயம். தையலிட்ட தலையுடன் அவரையே முன்னணியில் நிறுத்தினார் ரகீம். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. அரங்கமே நமக்கு எதிராக ஆரவாரித்தது. காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் இலக்கைக் காத்தார். பி. கே. பானர்ஜி ஒன்றும், ஜர்னைல் ஒன்றும் அடிக்க, 2-1 என வெற்றி நமதாயிற்று.

அடுத்த ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில், அப்பெருமகனார் மறைந்தார். ஆசியக் கால்பந்துத் தங்கம் அதன்பின் இன்றுவரை நம் நாட்டிற்கு மீளவில்லை.

காலும் பந்தும் நம் லயத்துச் சிறுவர்க்கும் உண்டு. இல்லாதது, மாலைதோறும் உடன்நின்று திருத்தும் ஓர் ஆசிரியரே. விளையாட்டறிந்த பெரியோர் எஸ்டேட்டுக்கு ஒருவரேனும் அப்பணிக்கு முன்வருவரேல், அதுவே ரகீம் அவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.