சக்கரத்தின் அடியிலிருந்து எழுந்தவர்

'சித்தார்த்தன்' நாவலின் ஆசிரியர் என்றே ஹெர்மன் ஹெஸ்ஸேயைத் தமிழ் வாசகர்கள் அறிவர். அவர் பள்ளியை விட்டு ஓடிப்போன மாணவர் என்பதைப் பலர் அறியார். தேர்வு என்றாலே நெஞ்சு படபடக்கும் நம் போன்றோர் அறியவேண்டிய வாழ்க்கை அது.

1877 ஜூலை 2ஆம் நாள் ஜெர்மனியின் கால்வ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தாயார் மரீ பிறந்ததோ கேரளத்துத் தலைச்சேரியில். மலையாள–ஆங்கில அகராதியை 1872இல் வெளியிட்ட ஹெர்மன் குண்டர்ட்டே தாய்வழிப் பாட்டனார். சமயப்பணி செய்த குடும்பமாதலால், மகனும் பாதிரியார் ஆகவேண்டும் எனப் பெற்றோர் விரும்பினர்.

வூர்ட்டம்பெர்க் நாட்டில் அதற்கென ஒரு கடுமையான தேர்வு இருந்தது. 1891இல் அதில் தேறி, மவுல்பிரான் மடத்துப் பள்ளியில் ஹெஸ்ஸே சேர்ந்தார். ஆனால் அவர் உள்ளம் நாடியது கவிதையை. 1892 மார்ச்சில் எவரிடமும் சொல்லாமல் வெளியேறி, கடுங்குளிர் இரவை வெட்டவெளியில் கழித்து, மறுநாள் பிடிபட்டார். சில மாதங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். மனநோயாளர் காப்பகத்தில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது பதினைந்துகூட நிறையவில்லை!

மீண்டும் பள்ளி, மீண்டும் விலகல். 1894இல் கோபுரக் கடிகாரப் பட்டறையில் சேர்ந்து, ஓராண்டுக்கு மேல் இரும்பை அரத்தால் ராவினார். பிறகு டியூபிங்கன் நகரப் புத்தகக் கடையில் பயிற்சியாளர் ஆனார். பகலில் வேலை, இரவில் படிப்பு. இழந்த கல்வியைத் தாமே தேடிக்கொண்டார்.

இந்தக் காயங்களிலிருந்து 1906இல் பிறந்ததே 'சக்கரத்தின் அடியில்' நாவல். ஹான்ஸ் என்ற சிறுவன் தேர்வில் இரண்டாமிடம் பெறுகிறான். அதற்காக அவன் கொடுத்த விலை தூண்டிலும் முயல்களும் விளையாட்டும். மடத்துப் பள்ளியில் கவிதை எழுதும் ஹைல்னர் அவனுக்குத் தோழன் ஆகிறான். ஹைல்னர் தண்டிக்கப்பட்டபோது, நற்பெயர் கெடுமே என்று அஞ்சி ஹான்ஸ் ஒதுங்கிக்கொள்கிறான். பின்னர் அதற்காக வருந்துகிறான். ஹைல்னர் ஓடிப்போகிறான். ஹான்ஸோ தலைவலியாலும் சோர்வாலும் நொறுங்கி, ஊர் திரும்பிப் பட்டறையில் சேர்ந்து, முடிவில் ஆற்றில் மூழ்கி இறக்கிறான். இந்த முடிவில் பெரியவர்களுக்கும் பங்குண்டு என்று உணர்பவர் செருப்புத் தைக்கும் ஃபிளைக் ஒருவரே.

ஓடியவனும் ஹெஸ்ஸேதான், நசுங்கியவனும் ஹெஸ்ஸேதான். மேலும் ஒரு வேதனை உண்டு. ஹான்ஸ் என்பது அவருடைய தம்பியின் பெயர். பள்ளியில் துன்புற்ற அத்தம்பி, 1935இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

உருப்படாதவர் எனப்பட்ட அண்ணனோ 1946இல் நோபல் பரிசு பெற்றார். 1962 ஆகஸ்ட் 9ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மொண்டஞோலாவில், 85ஆம் வயதில் மறைந்தார்.

மாணவத் தோழர்களே! எல்லோருக்கும் நோபல் பரிசு கிட்டாது. ஆனால் தோல்விக்குப் பின்னும் வாழ்க்கை நீள்கிறது என்பதற்கு இவர் சான்று. நம் வகுப்பில் ஒருவன் வாடி அமர்ந்திருந்தால், ஹான்ஸைப் போல் ஒதுங்காமல் அவன் அருகே சென்று அமர்வோம். ஆசிரியப் பெருமக்களும் அவனை மதிப்பெண் கேட்குமுன் நலம் கேட்பார்களாக!