நீதிபதி தந்த மின்கலம்

பொறியியல் பயிலும் நான் மிகவும் போற்றும் விஞ்ஞானி, தொழிலால் ஒரு வழக்கறிஞர். அவர்தான் வில்லியம் ராபர்ட் குரோவ். 1811ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் பிறந்த அவர், 1835இல் வழக்கறிஞரானார். உடல்நலம் குன்றவே, அறிவியலின் பக்கம் திரும்பினார்.

மின்சாரம் பாய்ச்சினால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்பதை இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் படித்தோம். குரோவ் அதையே தலைகீழாகச் செய்தார். நீர்த்த கந்தக அமிலத்தில் பிளாட்டினத் தகடுகளை வைத்து, அவ்விரு வாயுக்களையும் கொண்டு மின்சாரம் எடுத்தார். 1842இல் அவர் அமைத்த வாயு மின்கலமே இன்றைய எரிபொருள் கலத்தின் முன்னோடி.

வெப்பம், ஒளி, மின்சாரம் ஆகியவை ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்பதை விளக்கி 1846இல் நூல் வெளியிட்டார். 1871இல் நீதிபதியானார், 1896இல் மறைந்தார். அதுவரை அவரது கலம் வீட்டுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

2009இல் ஜப்பானில் எரிபொருள் கலங்கள் வீடுகளுக்கு விற்பனைக்கு வந்தன. அவை வீட்டிலேயே மின்சாரம் தயாரிக்கின்றன. அப்போது உண்டாகும் வெப்பத்தை வீணாக்காமல் குளிக்க வெந்நீரும் தருகின்றன. தொலைவிலுள்ள மின்நிலையத்தில் உண்டாகும் வெப்பம் இப்படி வீடு வந்து சேர்வதில்லை.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்கள், உடனே பயன் தராது என்று நல்ல தலைப்புகளை ஒதுக்குவதைக் காண்கிறேன். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் பெயர், குரோவ்.