பரிதிமாற் கலைஞர்

செவ்வாய்ப்பேட்டை வாணிகத்தால் வாழும் ஊர். செவ்வாய்தோறும் கூடிய சந்தையே அதற்குப் பெயர் தந்தது என்பர். இன்றும் லீ பஜாரில் சரக்கு மூட்டைகள் கைமாறுகின்றன. தெருக்களில் வெள்ளிக் கொலுசுகள் உருவாகின்றன. எப்பொருளையும் நிறுத்துப் பார்த்து விலை மதிக்கும் இவ்வூரார், தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் நம்மனோரை நோக்கி, அப்படிப்பு என்ன விலை பெறும் என வினவுவது இயல்பே. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த பெரியார் ஒருவர் உளர். அவரே பரிதிமாற் கலைஞர் ஆவார்.

மதுரையை அடுத்த விளாச்சேரியில், 1870ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், கோவிந்த சிவனாருக்கும் இலட்சுமி அம்மையாருக்கும் மைந்தராய் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சூரியநாராயணன் என்பது. வடமொழியைத் தந்தையாரிடமும், தமிழை மதுரைச் சபாபதி முதலியாரிடமும் கற்றார். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த அக்கல்லூரி, அந்நாளில் சென்னை நகரினுள்ளேயே இருந்தது. அதன் தலைவராய் விளங்கியவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய வில்லியம் மில்லர் துரைமகனார்.

ஒருநாள் மில்லர், டென்னிசன் என்னும் ஆங்கிலப் புலவர் படகின் செலவைப் பறவைக்கு ஒப்பிட்ட நயத்தை வகுப்பில் விளக்கி, இத்தகைய உவமை தமிழில் உண்டோ எனக் கேட்டாராம். மாணவராகிய நம் புலவர் உடனே எழுந்து, குகன் செலுத்திய நாவாய் அன்னம்போல் விரைந்து சென்றதாகக் கம்பர் பாடியிருத்தலை எடுத்துக் காட்டினார் என்பர். ஆசிரியர் பெரிதும் மகிழ்ந்தார். அன்று தொடங்கிய அன்பு இறுதிவரை குறையவில்லை.

1892இல் அவர் பி.ஏ. தேர்வில் தமிழிலும் தத்துவத்திலும் முதன்மையுறத் தேறினார். தத்துவத் துறையில் ஆசிரியப் பதவி அவரை எதிர்நோக்கி நின்றது. தமிழாசிரியர் ஊதியமோ அந்நாளில் மிகக் குறைவு, மதிப்பும் அத்தகையதே. அவ்வாறிருந்தும், அவர் தமிழாசிரியப் பதவியையே வேண்டிப் பெற்று 1893இல் பணியேற்றார். வறுமையால் தமிழுக்கு வந்தவரல்லர்; வேறு வழி திறந்திருக்கவும் தமிழைத் தேர்ந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது.

கல்லூரி வகுப்பில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட காலம் சிறிது, பாடமும் சிறிது. அஃது அவருள்ளத்திற்கு நிறைவு தரவில்லை. ஆகவே, ஆர்வமும் கூரறிவும் உடைய மாணாக்கர் சிலரைத் தேர்ந்து, வகுப்பு முடிந்தபின் தம் இல்லத்திற்கு வருவித்து, இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்பித்தார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என்று அழைத்தார். ஒரு துறையையே சிலர் ஆழ்ந்து பயிலுதலன்றோ ஆனர்ஸ் வகுப்பின் கருத்து? சென்னைப் பல்கலைக்கழகம் அத்தகைய வகுப்பைத் தமிழில் கனவிலும் கருதாத நாளில், அவர் தம் வீட்டுக்கூடத்திலேயே அதனை நடத்திவிட்டார். கட்டணமும் இல்லை; பட்டமும் இல்லை; கற்றலின் இன்பம் ஒன்றே பயன்.

இதனிடையே நூல்கள் பல இயற்றினார். ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்பன நாடகங்கள். நாடகவியல் நாடகத்திற்கு இலக்கணம் வகுப்பது. ஆங்கிலத்துப் பதினான்கடிப் பாட்டைத் தழுவித் தனிப்பாசுரத் தொகை பாடினார். தம் பெயரை நோக்காது பாட்டையே உலகம் மதித்தல் வேண்டுமெனக் கருதி, சூரியநாராயண சாஸ்திரி என்பதனைப் பரிதிமாற் கலைஞன் எனத் தமிழாக்கிப் புனைபெயராகக் கொண்டார். அத்தொகையைப் போப்பையர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். உடனாசிரியராகிய மு. சி. பூரணலிங்கம் பிள்ளையுடன் கூடி ஞானபோதினி என்னும் திங்களிதழையும் நடத்தினார்.

1902இல் பேரிடர் ஒன்று நேர்ந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தினின்று தமிழ் முதலிய நாட்டு மொழிகளை நீக்கி, வடமொழியை அவ்விடத்து வைக்கும் முயற்சி எழுந்தது. உயர்கல்விக்குரிய தகுதி இம்மொழிகளுக்கு இல்லை என்பதே அதன் உட்கருத்து. ஆனால் தகுதிக்குச் சான்று அப்பொழுதுதான் ஏட்டினின்று அச்சேறிக் கொண்டிருந்தது. நம் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது, 1880இல், உ. வே. சாமிநாதையரின் கருத்தைப் பழைய நூல்களின்பால் திருப்பினார். அதன் பயனாய்ச் சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. இச்செல்வத்தை உடைய மொழியைத் தகுதியற்றதென்று யார் சொல்ல வல்லார்? பரிதிமாற் கலைஞரும் பூரணலிங்கம் பிள்ளையும் பல்கலைக்கழகத்தாரிடையே சென்று தமிழின் பக்கத்தை எடுத்துரைத்தனர். அம்முயற்சி கைவிடப்பட்டது. வடமொழியில் வல்ல ஒருவரே தமிழுக்கு வழக்குரைத்தமையால், அது மொழிப்பகையினின்று எழுந்த வழக்கன்று, நடுநிலையினின்று எழுந்ததே என்பது தெளிவு.

தமிழ் மொழியின் வரலாறு என்னும் நூலில், தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிறுவினார். அந்நூல் வெளிவந்த 1903ஆம் ஆண்டிலேயே, நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள், என்புருக்கி நோயால் மறைந்தார். அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்து மூன்றே.

அவர் வித்திய வித்து மெல்ல முளைத்தது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், சென்னைப் பச்சையப்பன் கல்லூரி முதலியவற்றிலும் தமிழ் ஆனர்ஸ் வகுப்புகள் பிற்காலத்து அமைந்தன. இண்டர்மீடியட்டிற்குப் பின் மூன்றாண்டுகள் தமிழையே பயின்ற அம்மாணவர் பலர் பேராசிரியராயினர். பின்னர் அம்முறை மாறி எம்.ஏ. வகுப்புகள் வந்தன. அவர் நிறுவிய செம்மொழித் தகுதியை இந்திய அரசு 2004இல் ஏற்றது. இடையே நூறாண்டு கழிந்தது.

நண்பர்காள்! பெயரும் பட்டமும் காலந்தோறும் மாறும். வகுப்பு முடிந்தபின்னும் எழாது அமர்ந்து கற்ற அச்சிலரின் வேட்கையே மாறாதது. அவ்வேட்கை நம்மிடம் உளதாயின், நாமும் இயற்றமிழ் மாணவரே. இலதாயின், பல்கலைக்கழகம் எப்பெயர் சூட்டினும் நமக்குச் சிறப்பில்லை.