இடக்கையால் வென்ற வீரர் காரோய் டகாச்

நம் வீடுகளில் சிறு குழந்தை இடக்கையை நீட்டித் தின்பண்டம் கேட்டால், உடனே அம்மாச்சியின் குரல் எழும்பும்: சோத்தாங்கையை நீட்டு என்று. உண்பதும் எழுதுவதும் கொடுப்பதும் வாங்குவதும் வலக்கைக்கென்றே ஏற்பட்டுவிட்டன. இடக்கைக்கோ நொட்டாங்கை என்ற ஏளனப் பெயரே மிஞ்சியது. அப்படிப்பட்ட இடக்கையைத் தமது இருபத்தெட்டாம் வயதில் அரிச்சுவடியிலிருந்து பழக்கி, உலகத்தின் முதல் ஸ்தானத்திற்குக் கொண்டுவந்த ஒரு மனிதரின் சரித்திரத்தை இவ்வாரம் நம் பங்குக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஹங்கேரி தேசத்தின் தலைநகராகிய புதாபெஸ்ட் பட்டணத்தில் 1910-ம் ஆண்டு ஜனவரி 21-ம் நாள் காரோய் டகாச் பிறந்தார். வாலிபத்தில் இராணுவத்தில் சேர்ந்தார். கைத்துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவதில் அவருக்கு இணையானவர்கள் வெகு சிலரே என்று சில ஆண்டுகளுக்குள் பெயர் பெற்றார்.

துப்பாக்கி என்றவுடன் நம் தாய்மார்கள் அஞ்ச வேண்டாம். இங்கே நாம் பேசுவது எவர் உயிரையும் நாடாத ஒரு விளையாட்டு. டகாச் தேர்ந்திருந்த பந்தயம் விரைவாகச் சுடும் பந்தயம். 25 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். ஒரு கையை மட்டும் நீட்டி, ஐந்திலும் ஒவ்வொரு குண்டு பதிக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் முதலில் 8 நொடி, பிறகு 6, கடைசியில் 4 நொடி. இவ்விதம் மொத்தம் 60 குண்டுகள். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10 புள்ளியாக 600 புள்ளிகள். நான்கு நொடியில் ஐந்து இலக்குகள் என்றால் கண்ணும் மூச்சும் விரலும் எவ்வளவு ஒன்றுபட வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்!

1936-ல் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. டகாச் அவற்றிற்குத் தகுதியுள்ளவராயிருந்தும் அனுப்பப்படவில்லை. அவர் சார்ஜன்ட் பதவியில் இருந்தார். அதிகாரிகளாய் நியமனம் பெற்றவர்கள் மட்டுமே போட்டியிடலாம் என்பது அக்காலத்து ஹங்கேரி இராணுவத்தின் விதி. பந்தயங்கள் முடிந்த பின்பு அந்தத் தடை நீங்கியது. அடுத்த ஒலிம்பிக் 1940-ல். டகாச் அதையே எண்ணிப் பயிற்சி செய்தார்.

ஆனால் 1938-ல் இராணுவப் பயிற்சியின்போது பழுதுள்ள கையெறி குண்டு ஒன்று அவர் வலக்கையிலேயே வெடித்தது. துப்பாக்கி பிடித்த அந்தக் கை சிதைந்து போயிற்று. சுமார் ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். இத்தனை ஆண்டு உழைப்பும் ஒரு நொடியில் அழிந்தது என்று கண்டவர்கள் நினைத்திருப்பார்கள். டகாச் எஞ்சியிருந்ததைக் கணக்கிட்டார். இடக்கை இருந்தது. அதைப் பழக்கத் தீர்மானித்து, ஒருவருக்கும் சொல்லாமல் இரகசியமாகப் பயிற்சியைத் தொடங்கினார்.

வலக்கைக்காரர் ஒருவர் இடக்கைக்கு மாறுவது துப்பாக்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுவதோடு முடிவதில்லை. முதலில் நிற்கும் விதமே மாற வேண்டும். இடத்தோள் இலக்கை நோக்க வேண்டும். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் கை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும். இலக்கை விட்டு விலகியிருந்தால் மணிக்கட்டை வளைக்கக் கூடாது. பாதங்களை நகர்த்தியே சரி செய்ய வேண்டும்.

அடுத்தது கண். கையைப் போலவே கண்ணிலும் ஒன்று மற்றதை ஆளும். இரு கண்ணையும் திறந்து தூரத்து மரம் ஒன்றை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் தனியே பார்க்கும்போது விரல் மரத்தை விட்டு விலகவில்லையோ, அதுவே ஆளும் கண். அது வலக்கண்ணாயிருந்தால், இடக்கையால் சுடுபவர் தலையைச் சற்றுத் திருப்பியாவது, இடக்கண்ணைப் பழக்கியாவது குறி பார்க்க வேண்டும். எந்தக் கண்ணால் பார்த்தாலும், துப்பாக்கியின் முனையிலுள்ள குறிமுள் தெளிவாகத் தெரிய வேண்டும். தூரத்து இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பாதகமில்லை.

பின்பு பிடியும் விரலும். வலது உள்ளங்கைக்கென்று செதுக்கிய கட்டை இடக்கைக்குப் பொருந்தாது. விசையை விரல் நுனிச் சதையால் நேர் பின்னோக்கி மெதுவாக அழுத்த வேண்டும். பொறுமையிழந்து வெடுக்கென்று இழுத்தால், இடக்கைக்காரரின் குண்டு பெரும்பாலும் வலப்புறமாகத் தாழ்ந்து போகும். வலக்கைக்காரருக்கு இதே குற்றத்தால் இடப்புறம் தாழும். ஆகவே இலக்கு அட்டையே தொடக்கக்காரரின் தவற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். இதைத் திருத்த, குண்டில்லாத வெறும் துப்பாக்கியை வைத்து நூற்றுக்கணக்கான முறை விசையை அழுத்திப் பழகுவார்கள். இதையெல்லாம் நம் இளைஞர் கற்க விரும்பினால், ரைபிள் கிளப்பில் தேர்ந்த ஆசிரியரின் கண்காணிப்பிலேயே கற்க வேண்டும்.

டகாச்சுக்கு இதில் ஒரு துணை இருந்தது. கைதான் சிதைந்ததே தவிர, குறியறிந்த கண்ணும் அடக்கிய மூச்சும் பொறுமையும் அவரிடம் இருந்தன. இடக்கை மாத்திரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாயிருந்தது. உலகப் புகழ் பெற்ற ஆசான் தாமே அந்தப் பிள்ளையாகி, இலக்கில் படாத குண்டுகளை எண்ணிக் கொண்டு நிற்க மனம் கொள்ள வேண்டும். கையைப் பழக்குவதிலும் இதுவே கடினம்.

1939-ல் ஹங்கேரியின் தேசியக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. டகாச் அங்கே இடக்கையால் சுட்டு முதற்பரிசை வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரியக் குழுவிலும் இடம் பெற்றார். இனி ஒலிம்பிக் தான் என்றிருந்த வேளையில் உலக யுத்தம் மூண்டது. 1940, 1944 ஆகிய இரண்டு ஒலிம்பிக் பந்தயங்களும் நடவாமற் போயின. குண்டு கையைப் பறித்தது. யுத்தம் வாலிபத்தைப் பறித்தது. அவர் பயிற்சியை விடவில்லை.

1948-ல் லண்டனில் பந்தயங்கள் கூடின. சுதந்திர பாரதம் ஹாக்கியில் தன் முதல் தங்கத்தை வென்ற அதே ஒலிம்பிக் அது. டகாச்சுக்கு அப்போது 38 வயது. அர்ஜென்டினா தேசத்து உலக வீரர் வாலியெந்தே என்பவர்தான் வெல்வார் என்று யாவரும் எதிர்பார்த்தனர். அவர் டகாச்சைக் கண்டு, இங்கே எதற்காக வந்தீர் என்று வியந்து கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்தேன் என்பது டகாச்சின் பதில். போட்டி முடிந்தபோது டகாச் 580 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்துத் தங்கம் பெற்றார். 571 புள்ளிகளுடன் வாலியெந்தேக்கு வெள்ளி கிடைத்தது. நீர் போதுமான அளவு கற்றுவிட்டீர் என்று அவர் மனமார வாழ்த்தினார் என்பர்.

1952-ல் ஹெல்சிங்கியில் டகாச் 579 புள்ளிகள் பெற்று மறுபடியும் தங்கம் வென்றார். ஒரே ஒரு புள்ளியில் பின்தங்கி வெள்ளி பெற்றவர் அவர் நாட்டவரான சிலார்ட் குன். இந்தப் பந்தயத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற முதல் மனிதர் டகாச்சே. 1956-ல் மெல்போர்னில் 46-ம் வயதில் எட்டாம் இடம் பெற்றார். பின்னர் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியராயிருந்தார். முன்பு சார்ஜன்ட் என்று ஒதுக்கப்பட்டவர் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றார். 1976-ம் ஆண்டு ஜனவரி 5-ம் நாள் காலமானார்.

இதே பந்தயத்தில் 2012-ம் ஆண்டு, அதே லண்டனில், நம் இந்திய இராணுவத்து சுபேதார் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றார். சுபேதாரும் நியமன அதிகாரியல்லர். 1936-ன் ஹங்கேரிய விதி இங்கிருந்தால் அவரும் வீட்டிலேயே இருந்திருப்பார்.

இந்தச் சரித்திரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஆரப்பாளையத்தில் பட்டறையிலும் கட்டட வேலையிலும் கைகளை நம்பியே பிழைக்கும் குடும்பங்கள் அநேகம். விபத்தில் விரலையோ கையையோ இழந்தவர் நம் தெருக்களில் இருப்பார்கள். பக்கவாதத்தால் வலப்பக்கம் விழுந்துபோன தாத்தா, இடக்கையால் கரண்டி பிடித்துக் கஞ்சி குடிக்க முயல்கிறார், பாதி சிந்துகிறது. நேரமாகிறதென்று கரண்டியைப் பிடுங்கி நாமே ஊட்டிவிடுகிறோம். அன்பினால் செய்கிறோம், ஆயினும் அவருடைய பயிற்சியை நிறுத்திவிடுகிறோம். சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். இயல்பாகவே இடக்கையால் எழுதும் பேரப்பிள்ளையையும் அடித்து மாற்ற வேண்டாம். அந்தக் கைக்கும் கற்றுக்கொள்ள நாள் கொடுங்கள்.